பல்லிகா வைத்த பெயர்

மதியச் சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி வரிசையாக ஆறு குழாய்கள். ஐந்தில் தண்ணீர் வராது. ஆறாவது மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதன் முன்னால், எனக்கு முதுகைக் காட்டியபடி, பாக்கியம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

டிபன் பாக்ஸ் கழுவுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. உடைந்த செங்கல் துண்டொன்றைத் தரையில் இழைத்து, அந்தப் பொடியை விரலில் தொட்டுத் தொட்டுப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பாள், கொப்பளிப்பாள், தொட்டித் தண்ணீரில் எட்டி முகம் பார்ப்பாள், மறுபடி தேய்ப்பாள். சிமெண்டுத் தரையில் ஓடிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. செங்கல் சிவப்பு என்று நினைத்தேன். கொஞ்சம் கிட்டே போன பிறகுதான், அதில் செங்கல் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

மேலே விமானப்படைத் தளத்தின் சின்ன விமானம் ஒன்று வட்டமடித்தது. தாம்பரத்துப் பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்கெல்லாம் தலை தூக்குவதில்லை. அன்று நான் தூக்கினேன். கீழே பார்க்காமலிருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. வெயிலில் அது ஒரு வெள்ளிப் பூச்சி மாதிரி மினுங்கி, மலைக்கு அந்தப்பக்கம் கரைந்து போகும்வரை பார்த்தேன். பிறகு வந்த வழியே ஓடிவிட்டேன்.

பாக்கியத்தைச் செங்கல் தேட வைத்தது ஒரு பெயர். அந்தப் பெயரை வைத்தவள் நான்.

ஓர் எழுத்து மாறியது

இத்தனை வாரமாக இந்தத் தொடரை எழுதுகிறீர்களே, உங்கள் பள்ளிக்காலப் படம் ஒன்றைக்கூடப் போடவில்லையே என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் என் முகத்தில் பாதியை ஒரு கைக்குட்டையோ, முன்வரிசைப் பெண்ணின் ரிப்பனோ மறைத்திருக்கும். தற்செயல் இல்லை. எந்த ரிப்பனுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வேன்.

எனக்கு எத்துப்பல். மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் பால்கனி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எட்டு வயதுவரை கட்டைவிரல் சூப்பியதுதான் காரணம் என்பாள் அம்மா. விரலில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். நான் கசப்புக்குப் பழகிவிட்டேன்.

ஆறாம் வகுப்பில் கல்பனா எனக்குப் பெயர் வைத்தாள். கல்பனாவின் வீட்டார் முடிச்சூர்ப் பக்கம் பரம்பரையாக நிலம் வைத்திருந்தவர்கள். அந்த வயல்களில் அப்போதுதான் மனைக்கல் நடத் தொடங்கியிருந்தார்கள். கல்பனாவுக்கு அரிசி கோத்தது போன்ற பற்கள். வருகைப் பதிவின்போது டீச்சர் "மல்லிகா" என்றதும், அவள் மெல்ல "பல்லிகா" என்றாள். ஓர் எழுத்துதான். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் மல்லிகா என்று யாரும் இருக்கவில்லை. கோபம் வந்தால் தேங்காத் துருவி. சமாதானமாக இருந்தால் பல்லி.

கல்பனா ஒன்றும் கெட்டவள் இல்லை. புளியங்காய் கொண்டுவந்தால் எனக்கும் ஒரு துண்டு கொடுப்பாள். "இந்தா பல்லி, உனக்குத்தான் கடிக்க ஈஸி" என்று சொல்லிக் கொடுப்பாள். நானும் வாங்கிக்கொள்வேன்.

ம, ப இரண்டையும் சொல்ல உதடுகள் ஒட்ட வேண்டும். எத்துப்பல்காரிக்கு அது எளிதில்லை. மேலுதட்டை இழுத்துக் கொண்டுவந்து கீழுதட்டில் சேர்க்க வேண்டும், முகம் கோணிக்கொள்ளும். என் பெயரே ம-வில் தொடங்குகிறது. அதனால் புதியவர்கள் பெயர் கேட்டால் நோட்டுப் புத்தகத்தின் அட்டையைக் காட்டுவேன். வகுப்பில் கேள்வி கேட்டால், விடை தெரிந்தாலும், அதில் எத்தனை ம, எத்தனை ப என்று மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். பார்த்து முடிப்பதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்.

அந்த வருஷங்களை இப்போது நினைத்தால் ஏதோ ஏரிக்கு அடியில் உட்கார்ந்திருந்தது போலத்தான் தோன்றுகிறது. மேலே எல்லாரும் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், பச்சை வெளிச்சம் அசைகிறது. எனக்குச் சத்தம் மட்டும் மங்கலாக வந்து சேர்கிறது.

கிராம்பு வாசனை

அப்பா ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். அதிகம் பேசமாட்டார். ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் ஒருநாள் காலை, "கிளம்பு" என்றார். இரண்டு பேரும் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி நகரத்தில் இருந்த பெரிய பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாழ்வாரம் முழுக்கக் கிராம்பு எண்ணெய் வாசனை. இன்றைக்கும் பிரியாணியில் கிராம்பு தட்டுப்பட்டால் எனக்கு அந்த மர பெஞ்சு நினைவுக்கு வரும்.

டாக்டரம்மா என் வாயில் குளிர்ந்த மாவை அப்பி அச்சு எடுத்தார். இரண்டு பல்லைப் பிடுங்க வேண்டும், அதன்பிறகு கம்பி வைத்த கிளிப் போட வேண்டும் என்றார்.

"ரெண்டு வருஷம் ஆகும். சாப்பிடறப்ப மட்டும் கழட்டலாம். தூங்கறப்பவும் வாயிலதான் இருக்கணும்."

"வலிக்குங்களா டாக்டர்?" என்று கேட்டார் அப்பா.

"பொண்ணு கேக்கல, நீங்க கேக்கறீங்க!" என்று டாக்டரம்மா சிரித்தார்.

திரும்பும்போது அப்பா வழக்கத்துக்கு மாறாகப் பேசினார். ஷெட்டில் வளைந்துபோன கம்பியை ஒரேயடியாக அடித்து நிமிர்த்தினால் ஒடிந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொண்டுவர வேண்டும் என்றார். பல்லைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எனக்குப் பல்லாவரம் தாண்டிய பிறகுதான் புரிந்தது.

கிளிப் வந்தது. இளஞ்சிவப்புத் தகடு, அதிலிருந்து முன்பற்களைச் சுற்றி ஒரு கம்பி. போட்டுக்கொண்டு பேசினால் எச்சில் தெறித்தது. 'ச' எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. எட்டாம் வகுப்பின் முதல் நாளே கல்பனா பெஞ்சைத் தட்டி அறிவித்தாள்: "பல்லிக்கு வேலி போட்டுட்டாங்கடி!"

வாய் நிறையச் சிரித்தவள்

காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளி திறந்த அன்று பாக்கியம் வந்தாள். முழுப்பெயர் பாக்கியலட்சுமி. தர்மபுரிப் பக்கத்துக் கிராமம். அவள் அப்பா கரண்ட் ஆபீஸில் லைன்மேன், தாம்பரத்துக்கு மாற்றலாகி வந்திருந்தார். முடிச்சூர் ரோட்டில் ஒரு சின்னப் போர்ஷனில் குடியிருந்தார்கள்.

டீச்சர் அவளை வகுப்பின் முன்னால் நிறுத்திப் பெயர் கேட்டார். பாக்கியம் பெயர் சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாய் நிறைய, மறைவில்லாமல், கண் சுருங்கிப்போகும் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குள் பற்கள் முழுக்கப் பழுப்பு. சிலவற்றில் திட்டுத்திட்டாக, சிலவற்றில் கோடுகோடாக, தேநீர்க் கறை ஏறிய பீங்கான் மாதிரி.

டீச்சரே, "பல்லு விளக்கற பழக்கம் இல்லையா?" என்று கேட்டுவிட்டார்.

"விளக்குவேன் டீச்சர். எங்கூர்ல எல்லாருக்கும் இப்படித்தான் டீச்சர்" என்றாள் பாக்கியம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லாருக்கும் அதே பல் உள்ள ஊரில் வளர்ந்தவள். அதில் ஒளிக்க ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதே இல்லை.

பல வருஷம் கழித்து, தொண்ணூறுகளில், ஒரு பல் டாக்டர் எனக்கு விளக்கினார். அந்தப் பக்கத்து நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாம். சின்ன வயதிலிருந்து அதைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல் உள்ளிருந்தே அப்படி நிறம் மாறிவிடுமாம். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாதாம். எங்கள் வகுப்பில் அன்று யாருக்கும் இது தெரியாது.

பாக்கியம் இடம் தேடி நடந்து வந்தபோது, எனக்கு முன் பெஞ்சில் இருந்த கல்பனா திரும்பி என்னைப் பார்த்தாள். ஏதோ எதிர்பார்ப்பது போலப் பார்த்தாள். எப்படி வந்தது என்று தெரியவில்லை, என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"பாக்கியம் இல்லடி. பாக்கு."

அவ்வளவுதான். கல்பனா அதை உரக்கச் சொன்னாள். வகுப்பே குலுங்கியது. மதியம் கல்பனா என் தோளில் கைபோட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தாள். "மல்லி, நீ சூப்பர்டி" என்றாள். மல்லி! இரண்டரை வருஷத்துக்குப் பிறகு என் முதல் எழுத்து எனக்குத் திரும்பக் கிடைத்தது. வேப்பமர நிழல், தூரத்து ரயில் ஊதல், தோளில் கனமாக ஒரு கை. சத்தியமாகச் சொல்கிறேன், அது என் பள்ளிக்காலத்தின் மிக இனிமையான மதியங்களில் ஒன்று. அதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் வெட்கமாக இருந்தது.

பாக்கியத்தின் சிரிப்பு ஒரே நாளில் நின்றுவிடவில்லை. முதலில் பெயர் புரியாமல் சிரித்தாள். பிறகு புரிந்து, விளையாட்டு என்று சிரித்தாள். யாரோ அவள் பையில் கொட்டைப்பாக்கைப் போட்டு வைத்தார்கள். அதன்பிறகு உதட்டை மூடிக்கொண்டு சிரித்தாள். கார்த்திகை மழை தொடங்கியபோது அவள் சிரிப்பதே இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு படியும் எனக்குத் தெரிந்த படி.

முடிச்சூர் ரோட்டில் ஒரு போர்ஷன்

குழாயடியிலிருந்து நான் ஓடிப்போய் வகுப்பில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், பள்ளி ஆயாவின் குரல் கேட்டது. "இன்னாடி பண்ணிகினு கீற? வாயெல்லாம் ரத்தம்! ஐயோ, யாராச்சும் வாங்களேன்!"

ஈறு முழுக்கக் கிழிந்திருந்ததாம். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கணக்கு நோட்டை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டு, ரயில்வே கேட்டைத் தாண்டி அவள் வீட்டைத் தேடிப் போனேன்.

மழை விட்டிருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் வயல்களில் தண்ணீர் நின்று, அதற்குள் மனைக்கற்கள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. வானம் முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. நான் மேகத்தின்மீது நடப்பது போல நடந்தேன். திரும்பிவிடலாம் என்று நாலைந்து இடத்தில் நின்றேன்.

கதவைத் திறந்தது அவள் அம்மா. மெலிந்த உடம்பு, ஈரக் கை. என் சீருடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பாக்கியத்தோட கூட படிக்கிறியா கண்ணு? வா, வா, உள்ள வா!"

வாய் நிறையச் சிரித்தாள். அதே சிரிப்பு. அதே பழுப்புப் பற்கள், இன்னும் அடர்ந்த நிறத்தில். நான் வைத்த பெயர் இந்த அம்மாவுக்கும் சேர்த்து வைத்த பெயர் என்று அப்போதுதான் தெரிந்தது.

"கீழ விழுந்து வாயில அடிபட்டுட்டா. சொன்னாளா? பாத்து ஓடுன்னா கேக்கறாளா?" என்று சொல்லிவிட்டு அவள் காபி போட அடுப்புப் பக்கம் போனாள்.

பாக்கியம் பாயில் உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் கையால் வாயை மூடினாள்.

"நான்தான் அந்தப் பேரு வெச்சேன்" என்றேன். கிளிப்புக்குள் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தெரியும்."

"யார் சொன்னா?"

"அன்னிக்கே காதுல விழுந்துச்சு. உம் பேச்சு தனியாத் தெரியுமே." பிறகு, "உன்ன அப்பறம் பல்லிகான்னு கூப்படறதில்ல, இல்ல?" என்றாள்.

"இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். அதில் கோபமா, கணக்குத் தீர்ந்ததா, எதுவும் தெரியவில்லை. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. பாக்கியம் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சுட்டன, காய்ச்சல்.

"எங்கம்மாகிட்ட சொல்லிடாத. பேரையும் சொல்லாத, செங்கல்லையும் சொல்லாத. அதுக்கு இன்னும் தெரியாது."

"என்ன தெரியாது?"

"நம்ம பல்லு அசிங்கம்னு."

அம்மா காபி கொண்டுவந்தாள். நான் குடித்தேன். அவள் ஏதேதோ கேட்டாள், ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள். பாக்கியம் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், நடக்கப் பழகும் குழந்தையைப் பார்ப்பது போல.

ப-வில் தொடங்கும் பெயர்

அடுத்த திங்கள்கிழமை பாக்கியம் வகுப்புக்கு வந்தாள். "பாக்கு வந்துடுச்சுடி!" என்று கல்பனா குரல் கொடுத்தாள். பெஞ்சுகள் தட்டப்பட்டன.

நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று யோசிப்பதற்குள் நின்றுவிட்டேன். கிளிப் போட்ட வாயால் உதடுகளை இழுத்துச் சேர்த்தேன். முகம் எவ்வளவு கோணியது என்று எனக்குத் தெரியும்.

"அவ பேரு பாக்கியம்."

ப-வோடு சேர்ந்து எச்சில் தெறித்து முன் பெஞ்சில் விழுந்தது. பிறகு கூரை போகும் அளவுக்குச் சிரிப்பு. கல்பனா கைக்குட்டையால் தன் தோளைத் துடைத்துக்கொண்டு, "போ பல்லி, உனக்கும் அவளுக்கும் சரியாத்தான் இருக்கு" என்றாள். அன்றோடு மல்லி போய்விட்டாள். கடைசி வரைக்கும் பல்லிகாதான்.

நடந்தது அவ்வளவே. யாரும் திருந்தவில்லை. பாக்கு என்ற பெயரும் ஒழிந்துவிடவில்லை. சொல்பவர்கள் மட்டும் கொஞ்சம் குறைந்தார்கள். ஆனால் அன்று மதியம் சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் போக இடமில்லாமல் நின்றபோது, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பாக்கியம் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தாள். கூப்பிடவில்லை. நகர்ந்தாள்.

அந்த ஒரு சாண் இடத்தில் ஒன்றரை வருஷம் சாப்பிட்டேன். நிறையப் பேசியிருக்கிறோம், பல்லைத் தவிர. அந்நாட்களில் பாக்கியம் வீட்டுக்கு வெளியே கைமறைவு இல்லாமல் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் அப்படித்தான். இரண்டு கைகளும் வாயில் இருக்க, கண்ணால் சிரித்துக்கொண்டு, இரண்டு பெண்கள்.

என் பற்கள் ஒழுங்காக உள்ளே வந்து சேர்ந்தன, அப்பா சொன்ன மாதிரியே, கொஞ்சம் கொஞ்சமாக. பதினைந்து வயதில் என் உதடுகள் முதல்முறையாகத் தாமாகவே மூடின. கை கீழே இறங்க இன்னும் பத்து வருஷம் ஆனது. வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஒருவர், "கையை எடுத்துட்டுப் பேசுங்கம்மா" என்றார். எனக்கு அங்கே கை இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

பிளாட்பாரத்தில்

பத்தாம் வகுப்பு தொடங்குவதற்குள் பாக்கியத்தின் அப்பாவுக்கு ஊர்ப்பக்கமே மாற்றல் கிடைத்துவிட்டது. சாமான்களோடு அவர் லாரியில் முன்னால் போய்விட்டார். அம்மாவும் மகளும் தாம்பரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்து, நகரத்தில் வண்டி மாற வேண்டும். வழியனுப்பப் போனேன்.

காலைவேளை. வண்டி கிளம்ப நேரம் இருந்தது. தாம்பரத்திலேயே புறப்படும் வண்டி ஆதலால் கதவுகள் திறந்தபடி காலியாகக் கிடந்தது. இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். நான் பிளாட்பாரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாக்கியத்தின் அம்மாதான் பேசினாள்.

"லீவுக்கு எங்கூருக்கு வந்துரு கண்ணு. பத்து நாள் இருந்துட்டுப் போ. தண்ணிய மட்டும் குடிச்சிராத. இவ்ளோ கஷ்டப்பட்டுப் பல்ல சரி பண்ணிக்கினு வர்ற, எங்க பல்லு மாதிரி ஆயிரும்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எல்லாப் பல்லும் தெரிய.

பாக்கியம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, உனக்குத் தெரியுமா?"

"எது?"

"நம்ம பல்லு... இப்படின்னு."

"ஏன்டி, நம்மூட்ல கண்ணாடி இல்லியா? என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப நான் வாயே திறக்கல. ஊமைப் பொண்ணோன்னு சந்தேகப்பட்டுட்டாங்க. உங்கப்பாரு என்னப் பாத்து ஈன்னு சிரிச்சாரு பாரு, எம் பல்லே தேவலாம்னு ஆயிருச்சு. அன்னிக்கு ஆரம்பிச்ச சிரிப்புடி."

"சொல்லவேயில்லயே நீ!"

"நீ எங்க கேட்ட?"

வண்டி ஊதியது. பாக்கியம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோனேன். வண்டி நகரத் தொடங்கியதும் திரும்பினாள். கண்ணில் நீர் வழிய, அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் ஜன்னல் கம்பியில் இருந்தன.

"கடுதாசி போடுடி, மல்லிகா!" என்று கத்தினாள்.

"போடறேன்!" என்று நானும் கத்தினேன், கூடவே ஓடினேன், பிளாட்பாரம் முடிந்துபோனது.

விலாசம் வாங்கவில்லை என்பது ரயிலின் கடைசிப் பெட்டியும் போன பிறகுதான் உறைத்தது. அவளுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்குள் உறைத்திருக்கும். ஊர்ப் பெயரைக்கூட நான் ஒழுங்காகக் கேட்டு வைத்திருக்கவில்லை. அவள் அப்பாவின் ஆபீஸில் விசாரித்தேன். தர்மபுரி என்றார்கள், அதற்குமேல் தெரியாது என்றார்கள். பிறகு நாங்கள் சந்திக்கவே இல்லை.

இந்தப் பத்திரிகை அந்தப் பக்கத்துக் கடைகளிலும் தொங்குகிறதாம். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அன்புள்ள பாக்கியத்துக்கு, மல்லிகா எழுதுவது. நான் நலம். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று உன்னிடம் சொன்னேனே தவிர, மன்னித்துவிடு என்று சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.